298ஆ, 341ஆ?

மட்டக்குளியில் போத்தல் மூடி வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் மின்னியல் பகுதியில் வேலை செய்கிறேன். எங்களிடம் ஏழு வார்ப்பு இயந்திரங்கள் இருக்கின்றன. எது எத்தனை வார்த்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் கொப்பியில்தான் இருந்தது. ஏழு இயந்திரங்களையும் ஒரே தரவு அமைப்போடு இணைக்கும் பொறுப்பு இந்த வருடம் என்னிடம் வந்தது.

புதிய மூன்றும் அதிகம் படுத்தவில்லை. தொழிற்சாலைக் கருவிகள் தரவு பரிமாறிக்கொள்ள 1979இல் உருவான மொட்பஸ் நெறிமுறையில் கேட்டால் இன்றும் பதில் சொல்கின்றன. அதில் எண்ணை வைக்கும் இடமான ஒரு பதிவேட்டில் 16 பிட்தான் (0 அல்லது 1) அடங்கும் என்பதால் தசம எண் இரண்டாகப் பிரிந்து வருகிறது. அந்த இரண்டு பாதிகளின் வரிசையை மாற்றிப் படித்துவிட்டேன். வெப்பநிலை 205 பாகை என்று காட்டவேண்டிய இடத்தில் பூச்சியம் வந்தது. அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டது.

பழைய நான்கில் கேபிள் செருக இடமே இல்லை. அச்சு மூடும்போது இயங்கும் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பயன்படாமல் ஒரு தொடுமுனை கிடந்தது. அதிலிருந்து இரண்டு வயர் எடுத்து, ஒவ்வொரு மூடலையும் ஒரு வார்ப்பாக எண்ணும் தரவுப் பெட்டிக்குக் கொடுத்தேன். இயந்திரத்தின் பாதுகாப்புச் சுற்றில் கைவைக்கவில்லை; எவர் சொன்னாலும் அதில் கைவைக்கமாட்டேன்.

திரையில் எண்கள் ஓடத் தொடங்கியதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆறாம் இயந்திரத்தில் நிற்கும் அண்ணை மட்டும் தலையசைத்தார்.

"தம்பி, இது 12 செக்கனுக்கு ஒருமுறைதான் மூடும். மணிக்கு 300ஐத் தாண்டாது. 341 எங்கிருந்து வந்தது?"

கொப்பியும் பென்சிலுமாக ஒரு மணித்தியாலம் அவருக்குப் பக்கத்தில் இருந்து கோடு போட்டேன். 298. கணினி மறுபடியும் நாற்பதுக்கு மேல் கூட்டிச் சொன்னது. ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டும்போது சில மில்லிசெக்கன் துள்ளும். அந்தத் துள்ளலைச் சில வேளைகளில் பெட்டி இன்னொரு வார்ப்பாக எண்ணியிருக்கிறது. ஒரு சைகை வந்தபின் மூன்று செக்கனுக்குள் வரும் எதையும் விட்டுவிடச் சொன்னேன். திரும்பவும் எண்ணினோம். கொப்பியில் 299, திரையிலும் 299. அண்ணை தேநீர் வாங்கித் தந்தார்.

மற்ற மூன்று பழைய இயந்திரங்களுக்கும் அப்படியே கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் எண்களை முகாமையாளரிடம் காட்டினேன். சரிபார்க்காத எண்ணை வைத்து ஒருவருடைய வேலையை அளப்பது அநியாயம்.

இயந்திரம் நின்றதை வயர் சொல்லும். ஏன் நின்றது என்பதை அங்கே நிற்பவர்தான் சொல்லவேண்டும். அதற்காகத் தொடுதிரையில் தமிழிலும் சிங்களத்திலும் பொத்தான்கள் வைத்தேன்: மூலப்பொருள் இல்லை, அச்சு மாற்றம், மின்தடை. "மெக்கானிக் வரும்வரை காத்திருப்பு" என்று ஒன்று வேண்டும் என அண்ணை கேட்டார். பராமரிப்புப் பகுதியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வைத்தேன்.

அதை முதலில் அழுத்தியவரும் அவர்தான். அதிகாலை 2.40க்கு. திரையில் 55 நிமிடம் பதிவாகியிருந்தது.