கடலடிச் சேறு எங்கிருந்து வந்தது?

நுண்ணோக்கியில் பார்த்தே சொல்லலாம். கடலடி மாதிரியிலிருந்து பல்குத்தும் குச்சி முனையளவு சேறு எடுத்தால் போதும். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுக் கரைத்து, மெல்லிசாகத் தேய்த்து, இளஞ்சூட்டில் காய வைக்கவும். ஆசையாகக் கடுகளவு வைத்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கறுப்புத் திட்டுதான் தெரியும். மேலே மூடும் கண்ணாடியை ஒட்டும் பசையில் காற்றுக்குமிழி சிக்கினால் அதை ரேடியோலேரியா (ஓடுள்ள ஒற்றைச் செல் கடலுயிர்) என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. குமிழியின் விளிம்பு தடித்துக் கறுத்திருக்கும். ஓட்டில் இருக்கும் சல்லடைத் துளைகள் அதில் இருக்காது.

இனி, ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் முனைவாக்கத் தகடுகள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துப் பாருங்கள். மின்னும் குட்டிக் குட்டி வட்டங்களுக்குள் கறுப்புச் சிலுவை தெரிந்தால் கோக்கோலித், அதாவது நுண்பாசியின் சுண்ணாம்புத் தகடு. டயாட்டம் என்னும் நுண்பாசியின் ஓடும் ரேடியோலேரியா ஓடும் ஓபல் சிலிக்கா (படிகமில்லாத, கண்ணாடி போன்ற பொருள்) என்பதால் இருண்டு மறைந்துவிடும். உயிரின ஓடுகள் 30 சதவீதத்தைத் தாண்டினால் அது 'ஊஸ்' எனப்படும் உயிரினச் சேறு.

சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஒரு சிப்பித் துண்டு கிடந்தாலும் நுரைக்கும்.

பசிபிக்கில் சுமார் 4,500 மீட்டருக்குக் கீழே சுண்ணாம்பு கரைந்துபோகும். எஞ்சுவது காற்றில் வந்த தூசியும் செங்களிமண்ணும். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே பெரிது.

வங்கக் கடல் கணக்கே வேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய இமயமலை மண் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறியாகப் பரந்து, இலங்கைக்கும் தெற்கே போகிறது. அந்தச் சேற்றை விரலில் தேய்த்தால் அப்ரகம் (மைக்கா) பளபளக்கும்.