மூன்று கிராம்பு பூண்டு

"ஏம்மா, கிராம்பும் உங்க தோட்டத்துலயே விளையுதா?" என்று மதுரையிலிருந்து ஒருவர் போனில் கேட்டபோதுதான், நான் இணையத்தில் போட்டிருந்த கட்டுரையை முழுசாகப் படித்தேன். 'ரசத்துக்கு மூன்று கிராம்பு பூண்டை நசுக்கிப் போடவும்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் கிராம்புக்கும் பூண்டுப் பல்லுக்கும் ஒரே சொல். கட்டுரையை எழுதித் தந்த ஏஐ செயலி அங்கே சறுக்கியிருக்கிறது. பூம்பாறையில் கிராம்புக்கு நான் எங்கே போக? கன்னியாகுமரி மலைப்பக்கம்தான் போகவேண்டும்.

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், படிப்படியாக இறங்கும். பூண்டுதான் முக்கியம். விளைந்ததை வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கிவிடுவோம். அன்றைய விலை எதுவோ அதுதான். கொஞ்சத்தையாவது நேரடியாக விற்கலாம் என்று நினைத்தேன். வாங்குகிறவர்களுக்கு நாலு விஷயம் எழுதிச் சொல்லவேண்டும், எனக்கோ எழுத வரவில்லை. "ஏஐகிட்ட சொல்லுக்கா, பத்து நிமிஷத்துல அஞ்சு கட்டுரை தரும்" என்றான் தம்பி.

தந்தது. 'பூண்டு என்பது வெறும் உணவுப்பொருள் அல்ல, அது ஒரு பாரம்பரியம்' என்று முதல் கட்டுரை தொடங்கியது. இரண்டாவதும் கிட்டத்தட்ட அப்படியே. ஐந்திலும் 'இயற்கையின் மடியில்' வந்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே ஏற்றிவிட்டேன். அந்த ஐந்தில் ஒன்றுதான் கிராம்புக் கட்டுரை.

போன் வந்த அன்று ராத்திரி உட்கார்ந்து மற்ற நாலையும் வரிவரியாகப் பார்த்தேன். கொடைக்கானலுக்கு மலைப்பூண்டைக் கொண்டுவந்தவர் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் இருந்தது. சரிதானா என்று செயலியிடமே கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு பெயரைச் சொன்னது. மூன்றாம் முறை இன்னொரு பெயர்! மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். அதை மட்டும் சரியாகச் சொல்லியிருந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் பூண்டு குணப்படுத்தும் என்றும் அடித்து விட்டிருந்தது. அந்த வரிகளை உடனே தூக்கினேன். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எங்கள் நிலத்தை விற்றுக் கட்டவா?

சிரிப்பு வந்தது ஒரே இடத்தில். பூண்டைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வருஷம் கெடாதாம். குளிர்பெட்டியில் வைத்தால் முளைவிட்டுவிடும். எங்கள் வீட்டில் பூண்டைத் தண்டோடு கட்டிப் பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவோம். மாதக்கணக்கில் நிற்பது அதனால்தான். அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பெட்டியைக் கொண்டாந்து பரண்ல ஏத்திரலாமாத்தா?" என்றார்.

அந்த ஐந்தையும் எடுத்துவிட்டு வேறு வழிக்கு மாறினேன். எழுதச் சொல்வதை நிறுத்திவிட்டு, 'பூண்டு பற்றி என்னிடம் பத்துக் கேள்வி கேள், நான் சொல்லாத எதையும் சேர்க்காதே' என்று போட்டேன். இதில்தான் அந்தச் செயலி கெட்டிக்காரத்தனமாக இருந்தது. விதைப்பூண்டை எப்படிப் பிரித்து வைப்பீர்கள், மழை நின்றபின் எத்தனை நாளில் பிடுங்குவீர்கள் என்றெல்லாம் கேட்டது. பாதிக்கு எனக்கே பதில் தெரியாது. அத்தையிடம் கேட்டு, அவர் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து, எழுத்தாக்கி உள்ளே போடுவேன். அது வரிசைப்படுத்திக் கொடுக்கும். அத்தையின் பேச்சை மழமழவென்று ஆக்கிவிடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. நான் உட்கார்ந்து பழையபடி ஆக்குவேன்.

தமிழில் நீளமாக உரையாடினால் செயலியின் இலவச அளவு சீக்கிரம் தீர்ந்துவிடுவதையும் கவனித்தேன். எழுத்தைத் துண்டு துண்டாக்கி எண்ணித்தான் அது அளவு பார்க்கும். நமக்குப் 'பூண்டு' மூன்று எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு கணக்கில் ஆறு. ஏஐ அதை இன்னும் எப்படியெல்லாம் துண்டாக்குமோ. ஆகவே வாரத்துக்கு ஒரு கட்டுரைதான். தினம் ஒன்று போட்டால் கூகுளில் மேலே வரும் என்று தம்பிக்கு இன்னும் நம்பிக்கை. தேடலில் மேலே வருவதற்காகவே கட்டுகட்டாக எழுதிக் குவிப்பதைக் குப்பையாகக் கருதுவோம் என்று 2024 மார்ச்சில் கூகுளே விதி போட்டதைக் காட்டியபிறகுதான் வாயை மூடினான்.

போன வாரம் செயலி கேட்ட கேள்வி: 'புகை போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?' அத்தை பதில் சொல்லவில்லை. பரணிலிருந்து ஒரு பூண்டுக் கட்டை இறக்கி, என் காதோரம் வைத்துக் குலுக்கினார். மேல்தோல் சருகு மாதிரி சலசலத்தது. எழுத்தாக்கியபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்த ஒரு பத்தியை நானே எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு முதலில் ஆர்டர் போட்டவர் அந்த மதுரைக்காரர்தான். இரண்டு கிலோ. கிராம்பு வேண்டாமாம்.