அச்சும் மரமும்: பழைய டொயோட்டா மோட்டார்ஹோம் ஒன்றைச் சாலைக்குக் கொண்டுவந்த அனுபவம்

கலிஃபோர்னியாவில் பழைய டொயோட்டா மோட்டார்ஹோம்களுக்கு இன்றும் தனி மவுசு. 1970-களில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை, டொயோட்டா பிக்கப்பின் முன்பக்கத்தையும் சேசிஸையும் வாங்கி, அதன் முதுகில் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துச் சின்ன வீடு கட்டி விற்றார்கள். டால்ஃபின், சன்ரேடர், வின்னெபேகோ என்று பல பெயர்களில் வந்தன. பெரும்பாலும் 18 முதல் 21 அடி நீளம்தான். 30 அடி வண்டிகள் திரும்பவே முடியாத முகாம்களில்கூட இது சுலபமாக நுழைந்துவிடும். எங்களுக்கு இது பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். நானும் மனைவியும் இருப்பது சான் ஹோசேயில். சியரா மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், 395-ஆம் நெடுஞ்சாலை ஓரமாகச் சுற்ற வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

நான் வாங்கியது 1987 மாடல். 2.4 லிட்டர், நாலு சிலிண்டர், 22ஆர்இ எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். இந்த எஞ்சினைப் பற்றிப் புகழ்ந்து எழுதாதவர்கள் இல்லை, புகழ் நியாயமானதுதான். உதிரிபாகம் இன்றும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. ஆனால் இந்த வண்டிகளில் எஞ்சினைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. வண்டியின் ஆயுளையும் நம் ஆயுளையும் தீர்மானிப்பவை வேறு இரண்டு: பின் அச்சும் (ஆக்சில்), மேலே இருக்கும் மரச்சட்டமும்.

முதலில் அச்சு. ஆரம்ப காலத்தில் வந்த பல வண்டிகளில் சாதாரண பிக்கப்பின் அரை டன் ஆக்சிலையே விட்டுவிட்டு, பக்கத்துக்கு இரண்டு சக்கரம் மாட்டினார்கள். அந்த வகை ஆக்சிலில் சக்கரத்தைச் சுழற்றுவதும் பாரத்தைத் தாங்குவதும் ஒரே தண்டுதான். முனையில் இருப்பது ஒரே பேரிங். வெளியே தள்ளி இன்னொரு சக்கரம் மாட்டினால் நெம்புவிசை மொத்தமும் அந்தத் தண்டின் மேல் விழும். தண்டு உடைந்தால் சக்கரம் தண்டோடு கழன்று ஓடிவிடும். அப்படி ஓடியும் இருக்கிறது. அதனால்தான் பாதுகாப்பு நடவடிக்கையாகப் பல வண்டிகளுக்குப் பின்னாளில் ஆக்சிலை மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு வந்த ஒரு டன் ஆக்சிலில் பாரம் முழுக்க வெளிக்குழாயின் மேல் உட்கார்ந்த ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், இறங்கும். தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். தண்டே உடைந்தாலும் சக்கரம் இடத்தில் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. பின் சக்கரத்தை நேராகப் பாருங்கள். ஆறு நட்டு இருந்து, நடுவில் ஹப் உருளையாக வெளியே துருத்திக்கொண்டிருந்தால் நல்ல ஆக்சில். ஐந்து நட்டு என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். சிலர் ஐந்து நட்டு வண்டிக்கு அழகான வீல் மூடி போட்டு மறைத்துப் படம் எடுத்திருப்பார்கள். மூடியைக் கழற்றிப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்பேன். அனுப்பத் தயங்குகிறவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

அடுத்தது மரம். அந்தச் சமயத்தில் கரூரிலிருந்து மாமனார் வந்திருந்தது என் அதிர்ஷ்டம். பஸ் பாடி கட்டும் பட்டறைகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர். வண்டியைப் பார்க்கப் போன இடத்தில் நான் பானெட்டைத் திறக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எஞ்சினு எங்கீங் மாப்ள ஓடிப்போவுது? மொதல்ல மூலையத் தட்டுங்க. தண்ணி பூந்த எடம் தானாச் சொல்லும்."

சொன்னபடியே அவர் விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். காய்ந்த இடத்தில் 'டொக் டொக்' என்றது. டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மாடிக் கட்டிலின் இடது மூலைக்கு வந்ததும் 'பொத்' என்றது. மெத்தையைத் தூக்கினோம். பிளைவுட்டில் காப்பிக் கறை போல வளையம் வளையமாகப் பழுப்பு. ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து அழுத்தினால் ரொட்டிபோல உள்ளே போனது. ஒரு பக்கம் மட்டும்தான். வலது மூலை, பின் சுவர், தரை எல்லாம் திடமாக இருந்தன. "ஒரு மூலைன்னாப் பண்ணிரலாங் மாப்ள. நாலு மூலையும் போயிருந்தா வேற வண்டி பாக்கலாம்" என்றார். எந்த மெக்கானிக்கும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

எஞ்சினையும் பார்த்தோம். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த எஞ்சினில் டைமிங் செயினைத் தாங்கும் பட்டைகள் பிளாஸ்டிக். வயதானால் உடையும். உடைந்தால் தளர்ந்த செயின் முன்மூடியை உள்ளிருந்தே அறுத்து, கூலண்ட் எண்ணெயில் கலக்கும். அதன்பின் எஞ்சினின் கதை முடிந்தது. குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய முதல் சில நொடிகளில் முன்பக்கம் 'கடகட' என்று சங்கிலிச் சத்தம் கேட்டால் அதுதான் அறிகுறி. எங்கள் வண்டியில் அந்தச் சத்தம் இல்லை. செயினும் இரும்பு அடி வைத்த பட்டைகளும் மாற்றிய ரசீதையும் விற்றவர் பத்திரமாக வைத்திருந்தார்.

பிறகு காகித வேலை. கலிஃபோர்னியாவில் 1976 மாடல் தொடங்கி வந்த பழைய பெட்ரோல் வண்டி கை மாறும்போது ஸ்மாக் சான்றிதழ் (புகைச் சோதனையில் தேறியதற்கான சான்று) கொடுப்பது விற்பவரின் கடமை. 90 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், விலையில் குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். பாஸ் ஆகாத வண்டியை உங்கள் பேரில் பதிய முடியாது. எங்கள் வண்டி முதல் முறை புகையில் ஹைட்ரோகார்பன் (எரியாத எரிபொருள்) அதிகம் என்று ஃபெயில் ஆனது. வால்வு இடைவெளி இறுகிக் கிடந்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.008 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.012 அங்குலம் என்று சரிசெய்து, பிளக்கும் ஆக்சிஜன் சென்சாரும் மாற்றி, ஃப்ரீவேயில் நன்றாக ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுபோனதும் பாஸ். செலவை விற்றவர் ஏற்றார். வாங்கிய 10 நாளுக்குள் பேர் மாற்றிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு சிக்கலும் இல்லை.

இனி அந்த மூலை. நேரம் அதிகம் பிடித்ததும், நான் அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

அழுகிய மரத்தை மாற்றுவது சுலபம். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால் புது மரமும் அழுகும். கறை தெரியும் இடத்தில் தண்ணீர் நுழைவதில்லை. எங்கோ நுழைந்து சட்டத்தின் வழியே வழிந்து வந்து அங்கே தங்குகிறது. நாங்கள் செய்த சோதனை இது. கூரையின் காற்றுத் துளைகள், சிங்க் குழாய் ஓட்டைகள், கதவு இடுக்கு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் வைத்து அடைத்தோம். ஒரு ஜன்னலில் அட்டை வைத்து, அதில் துளை போட்டு, இலை ஊதும் ப்ளோயரின் வாயைச் செருகி உள்ளே காற்றை நிரப்பினோம். வெளியே நான் ஏணியில் நின்று ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனேன்.

சந்தேகப்பட்ட ஜன்னலில் ஒன்றும் வரவில்லை. மாடிக் கட்டிலின் நெற்றியில் வரிசையாக ஐந்து ஆரஞ்சு விளக்குகள் இருக்கும். அவற்றில் இடது ஓரத்து விளக்கின் ஸ்குரூவைச் சுற்றி நுரை பொங்கிப் பொங்கி வந்தது. கீழே நின்ற மாமா கைதட்டிவிட்டார். விளக்கைக் கழற்றினால் அடியில் இருந்த ரப்பர் சுண்டிப்போய்க் கருகிய இலைபோல் உதிர்ந்தது. ஸ்குரூ துரு பிடித்துப் பாதியாகியிருந்தது. ஒரு பென்சில் நுழையாத அந்த ஓட்டை வழியாகப் பல மழைக்காலத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

மூலையின் அலுமினியப் பட்டையைக் கழற்றி, உள்பக்கப் பேனலைப் பிரித்து, ஈரம் குடித்த தெர்மாகோலை அள்ளி எடுத்தோம். ஃபேன் வைத்துக் காயவிட்டோம். இதில் அவசரமே கூடாது. மாமா தினமும் காலையில் கையை வைத்துப் பார்த்து "இன்னும் இல்லீங்" என்பார். நல்ல மரம் எங்கே தொடங்குகிறதோ அதுவரை வெட்டி, புதுச் சட்டம் வைத்து, பசையும் ஸ்குரூவும் போட்டு இணைத்தோம். இணைப்பில் ஒரு அலுமினிய ஆங்கிளையும் சேர்க்கச் சொன்னார். மேலே இரண்டு பேர் படுக்கும் இடம். வண்டி குதிக்கும்போது பாரம் முழுக்க இந்தச் சட்டத்தில்தான் இறங்கும் என்றார்.

பூச்சு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சிலிகான் வேண்டவே வேண்டாம். முன்னாள் உரிமையாளர்கள் எல்லாரும் ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் சிலிகானைப் பிதுக்கியிருப்பார்கள். அது சில வருடத்தில் உரிந்து வரும். பிறகு அந்த இடத்தில் வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது. எங்கள் வண்டியில் அதைச் சுரண்டி எடுக்கவே தோள்பட்டை கழன்றது. பட்டைகளுக்கும் ஜன்னல் விளிம்புக்கும் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா), ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ. கூரைமேல் தானே பரவிச் சமன் ஆகும் லேப் சீலண்ட் என்ற அடைப்புப் பூச்சு. செங்குத்தான இடத்தில் வழியாத வகை. ஐந்து விளக்குகளையும் கழற்றிப் புது ரப்பர் வைத்து மாட்டினோம். மறுபடி காற்று நிரப்பிச் சோப்புத் தண்ணீர் தெளித்தபோது ஓரிடத்திலும் நுரை வரவில்லை.

டயர்களில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2312 என்றால் 2012-இன் 23-ஆவது வாரம். இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதால் பட்டன் தேயும் முன்பே ரப்பர் செத்துவிடும். ஆறையும் மாற்றினேன். கார் டயர் போடக்கூடாது. பாரம் தாங்கும் 185ஆர்14 வகைதான். பின்பக்கம் உள்சக்கரத்துக்குக் காற்றடிக்க நீட்டிப்புக் குழாய் மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதை யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

கிளம்பும் முன் எல்லாச் சாமானும் ஏற்றி, லாரிகள் எடை போடும் மேடையில் நிறுத்தினோம். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகச் சீட்டு தருவார்கள். பின்பக்கம் நாங்கள் நினைத்ததைவிடக் கனம். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 20 கேலன் தொட்டி நிறைந்தால் ஒரு ஆளை ஏற்றியதற்குச் சமம். அதனால் வழியில் குடிக்கவும் கழுவவும் தேவையான அளவு மட்டும் வைத்துக்கொண்டு, முகாமுக்கு அருகில் நிரப்புவது என்று முடிவு செய்தோம். மனைவி வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை மட்டும் இறக்க மறுத்துவிட்டாள். அதில் அவள் செய்தது சரி.

அக்டோபரில், சியராவைக் கடந்து யோசெமிட்டிக்குப் போகும் டியோகா கணவாய் பனிக்காக மூடப்படும் முன், டெஹாச்சபி வழியாக 395-ஐப் பிடித்து வடக்கே போனோம். பிஷப் ஊர் 4,000 அடிக்குச் சற்று மேல். அதைத் தாண்டினால் ஷெர்வின் ஏற்றம், 7,000 அடி வரை. ஓவர்டிரைவை (சமதள வேகத்துக்கான உச்ச கியரை) அணைத்துவிட்டு, வலது லேனில் லாரிகளோடு சேர்ந்து ஏறினோம். வேகம் 35 மைலுக்கு இறங்கியது. வெப்பமானி முள் நடுவிலிருந்து கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. இந்த வண்டி மலையில் ஓடாது, ஏறும். அதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இதைவிட நம்பகமான துணை கிடையாது. ஹீட்டரைப் போட்டு எஞ்சின் சூட்டைக் கேபினுக்குள் இழுத்துவிட்டால் முள் தானே இறங்கும்.

மோனோ ஏரி அருகே இரவில் உறைநிலைக்குக் கீழே போனது. சிங்க் அடி அலமாரிக் கதவைத் திறந்துவைத்தால் அறையின் சூடு குழாய்க்கும் போகும். ஃப்ரிட்ஜ் ப்ரொபேனில் ஓடுவது. அம்மோனியாவும் தண்ணீரும் சூடாகிச் சுற்றிவந்து குளிர்விக்கும் வகை. பம்ப் கிடையாது, புவியீர்ப்பில்தான் அந்தச் சுற்று நடக்கும். வண்டி சாய்ந்து நின்றால் சுற்று தடைபட்டு, உள்ளே குழாய் நிரந்தரமாகக் கெட்டுவிடும். எனவே நிறுத்தியதும் முதல் வேலை, ஃப்ரிட்ஜ் தட்டில் ஸ்பிரிட் லெவல் வைத்து, சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துச் சமன் செய்வது. பெட்ரோல் போடும்போது ப்ரொபேனை அணைத்துவிட வேண்டும். காஸ் கசிவு எச்சரிக்கைக் கருவிக்கும் காலாவதித் தேதி உண்டு. அது பின்பக்கம் எழுதியிருக்கும்.

லீ வைனிங்கிலிருந்து டியோகா ஏற்றம் ஷெர்வினைவிடக் கடுமை. 9,900 அடிக்கு மேல் போகிறது. இரண்டாம் கியரிலேயே ஏறினோம். நான் பயந்தது ஏற்றத்துக்கு அல்ல, யோசெமிட்டியைத் தாண்டி மேற்கே இறங்கும் பிரீஸ்ட் கிரேடுக்குத்தான். அங்கே இரண்டு வழி. பழைய பாதை குறுகியது, மிகச் செங்குத்து. புதிய பாதை வளைந்து வளைந்து நிதானமாக இறங்கும். புதியதில் போனோம். கியரை இரண்டில் வைத்து எஞ்சினையே பிடிக்கவிட்டு, தேவைப்பட்டபோது மட்டும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து உடனே விட்டேன். காலை அதிலேயே வைத்துக்கொண்டால் டிரம் சூடேறிப் பிடிப்பே போய்விடும். அடிவாரத்தில் நிறுத்தி இன்ஃப்ராரெட் வெப்பமானியால் நாலு ஹப்பையும் பார்த்தேன். பின் ஹப் இரண்டிலும் சூடு ஏறக்குறைய ஒன்றே. ஒன்று மட்டும் அதிகமாகக் காட்டியிருந்தால் பேரிங்கோ பிரேக்கோ சரியில்லை என்று பொருள்.

பயணம் முழுவதற்கும் கேலனுக்கு 14, 15 மைல் கொடுத்தது. வந்ததும் மெத்தையைத் தூக்கி மூலையை ஈரமானியால் பார்த்தேன், உலர்ந்திருந்தது. இந்தக் குளிர்காலத்தில் பின் ஹப்பைக் கழற்றி, பேரிங் கிரீஸும் சீலும் மாற்றப்போகிறேன். மாமாவுக்கு அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். வீடியோ காலில் போனை எங்கே நிறுத்துவது என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.