பீட்டர்மன் தீவில் ஓர் எரிமலையின் அடிவயிறு

அண்டார்க்டிகா போனால் எல்லாரும் பெங்குவின் படம் எடுப்பார்கள். நானும் எடுத்தேன். ஆனால் பீட்டர்மன் தீவில் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் குனிந்து பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் முன்பே போய்வந்த டிசெப்ஷன் தீவு. அது உயிருள்ள எரிமலை, கடைசியாக வெடித்தது 1970இல். உள்ளே இடிந்து விழுந்து கடல் புகுந்த வாய்க்குள்ளேயே கப்பல் போகிறது! கரையெல்லாம் கருஞ்சாம்பல், ஓரத்தில் ஆவி.

பீட்டர்மன் வேறு மாதிரி. அங்கே பார்த்தது எரிமலையின் மேற்பக்கம், இங்கே அதன் அடிப்பக்கம். அண்டார்க்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய லெமேர் கால்வாயைத் தாண்டித் தெற்கே, இரண்டு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத தீவு. துருவப் பயணி சார்க்கோவின் பிரெஞ்சு ஆய்வுக் குழு 1909 குளிர்காலத்தை இங்கேதான் கழித்தது. கூர்தோன் என்ற நிலவியலாளரும் அதில் இருந்தார். அவருக்குப் பொழுது நன்றாகவே போயிருக்கும்.

பனி தேய்த்து வழவழப்பாக்கிய வெளிர்சாம்பல் கிரானைட் வகைப் பாறை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் வெள்ளையும் கண்ணாடி நிறமும் கறுப்புமாகப் படிகங்களைத் தனித்தனியாக எண்ணலாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் பசிபிக் பக்கத்துக் கடல்தரை இந்தத் தீபகற்பத்துக்கு அடியில் சரிந்து போய்க்கொண்டே இருந்தது, அதனால் உருவான பாறைக்குழம்பில் ஒரு பங்கு மேலே வந்து எரிமலையாகக் கக்கியது, மீதி கிலோமீட்டர் கணக்கான ஆழத்திலேயே தங்கி நிதானமாக ஆறியது. ஆற நேரம் கிடைத்ததால் படிகம் இவ்வளவு பெரிது. வெளியே கொட்டிய லாவா சட்டென்று இறுகிவிடும், அதில் பெரும்பாலும் கண்ணுக்குப் படிகமே தெரியாது. மேலிருந்த மலை அரித்துப் போய்விட்டது. நான் நின்றது அதன் அடிவயிற்றில்.

இந்த வெளிர்பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கறுப்புப் பட்டை ஒன்று ஓடியது. டைக் என்பார்கள். கிரானைட் இறுகி விரிசல் விட்ட பிறகு புதுக்குழம்பு உள்ளே ஏறிய தடம். உற்றுப் பார்த்தேன்: நடுவில் கொஞ்சம் சொரசொரப்பு, ஓரத்தில் மாவு போல நைசு. குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் முதலில் உறைந்துவிட்டதாம்.

அண்டார்க்டிகாவில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. சரி, நியாயம்தான். படகேறும் முன் பூட்ஸைக் கழுவும்போது அடியில் சிக்கியிருந்த கறுப்புத் துணுக்கை ஊழியர் நெம்பிக் கரையிலேயே போட்டார். அப்புறம் ஒரு ஜென்டூ பெங்குவின் ஆற அமர நடந்து வந்து, அதே மாதிரி ஒரு கல்லை அலகில் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போனது.