மரம் செதுக்கும் மெஷினுக்கு நானே கட்டிய பவர் சப்ளை

போன மாதம் வரைக்கும் என் மெஷின் ஒரு பூவைக்கூட முழுதாக முடித்ததில்லை. எங்கள் வீட்டு நிலைக்கதவின் மேல்சட்டத்தில் தாமரை ஒன்று உதிர்ந்துவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்குப் பலகை வாங்கி, அதில் செதுக்கி ஒட்டலாம் என்று ஆரம்பித்தேன். ஆறாவது இதழ் முடிந்து மெஷின் வேகமாகப் போய் நிற்கும் இடத்தில் மூன்று மோட்டாரும் ஓய்ந்துவிடும். மோட்டார்களுக்கு டிசி கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) பச்சை விளக்கு அணைந்திருக்கும். சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி எரியும். ஆனால் எந்த இடத்தில் நின்றோம் என்பது மெஷினுக்குத் தெரியாது. பலகை வீண்.

ஆம்பியர் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். என்னிடம் இருந்தது 36 வோல்ட், 10 ஆம்பியர். மூன்று ஸ்டெப்பர் மோட்டார்களும் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) ஃபேஸுக்கு, அதாவது ஒரு சுருளுக்கு, 3 ஆம்பியர். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும் என்பது வழக்கமான கணக்கு. அப்படியென்றால் 6 தானே, பத்து இருக்கிறதே? வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் சிறிய ஆசிலாஸ்கோப்பை அவுட்புட்டில் மாட்டிய பிறகுதான் புரிந்தது. ஓடும்போது கோடு 36-இல் நேராகக் கிடக்கிறது. சட்டென்று நிற்கும்போது 43-க்குத் தாவி, உடனே விழுந்துவிடுகிறது. சுழலும் ஸ்க்ரூவை நிறுத்தும்போது மோட்டார் டைனமோ மாதிரி கரண்டைத் திருப்பித் தள்ளுகிறது. அதை வாங்கிவைக்க எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய கெப்பாசிட்டர் இல்லை. வோல்டேஜ் ஏறியதும் தன்னைக் காத்துக்கொள்ள அது நின்றுவிடுகிறது.

சரி, டிரான்ஸ்பார்மர், ஏசி-யை டிசி ஆக்கும் டையோடு பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர் என்று பழைய முறைக்கே போவோம் என்று முடிவு செய்தேன். இதில் நான் அதிக நாள் செலவழித்தது செகண்டரி வோல்டேஜில்தான், அதாவது டிரான்ஸ்பார்மர் வெளியே கொடுக்கும் வோல்டேஜில். மோட்டாரை ஓட்டும் என் டிரைவர் போர்டு 50 வோல்ட் வரை தாங்கும். 30 வோல்ட் ஏசி எடுத்தால் 1.414-ஆல் பெருக்கி, டையோடுக்கு 2 வோல்ட் கழித்து, 40 வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் சாயங்காலம் 208 வோல்ட் காட்டும் மீட்டர், நள்ளிரவில் 252 காட்டுகிறது. லோடு இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் இன்னும் 8 சதவீதம் கூடக் கொடுக்கும். இரண்டையும் சேர்த்தால் 49. மோட்டார் திருப்பித் தள்ளுவதற்கு இடமே இல்லை. 27 வோல்ட் என்றால் நள்ளிரவிலும் 44-ஐத் தாண்டாது. 27-க்கே இறங்கினேன்.

வைண்டிங் கடை அண்ணனிடம் 300 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) என்று சொன்னதும், "தம்பி, ஆறு ஆம்பியர்ங்குறீக, கம்பி மட்டும் பத்துக்குக் கேக்குறீகளே?" என்றார். கெப்பாசிட்டர் அலையின் உச்சியில் மட்டும் கொஞ்ச நேரம் கரண்டை அள்ளிக் குடிக்கிறது. அதனால் டிசி-யில் 6 ஓடினால் சுருளில் கிட்டத்தட்ட 10 ஆம்பியரின் சூடு வரும் என்று தாளில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப ஸ்டெபிலைசர் கணக்கு இதுக்கு ஆகாது" என்று தடித்த கம்பியை எடுத்தார். 24 வோல்ட்டிலும் ஒரு டேப்பிங் (சுருளின் நடுவிலிருந்து வெளியே எடுக்கும் கம்பி) எடுத்து வைத்தது அவர் யோசனை.

கெப்பாசிட்டர் 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட், இரண்டு. 6 ஆம்பியருக்கு ரிப்பிள் (டிசி-யில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 3 வோல்ட் வரும். ஸ்டெப்பருக்கு அது பொருட்டே இல்லை.

முதல் தடவை சுவிட்ச் போட்டதும் எம்சிபி விழுந்தது. காலியான கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் இழுக்கிறது. பிரைமரியில், அதாவது கரண்ட் உள்ளே வரும் சுருளில், 10 ஓம் என்டிசி (சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர்) ஒன்று சேர்த்ததும் சரியாயிற்று. அடுத்தது பயமுறுத்தியது. அணைத்து வெகு நேரம் கழித்து ஒரு நட்டை இறுக்கினேன். ஸ்பானர் டெர்மினலில் பட்டு வெடிச்சத்தம். அதன் வாயில் அரிசியளவு செம்புத்துளி உருகி ஒட்டியிருந்தது. அன்றே கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 2.2 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் போட்டேன். இப்போது ஒன்றரை நிமிடத்தில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இதைக் கட்டுகிறவர்கள் தயவுசெய்து அந்த ரெசிஸ்டரை முதல் நாளே போடுங்கள்.

நேற்று நள்ளிரவுக்கு மேல், வேண்டுமென்றே அந்த நேரத்தில், ஓட்டினேன். மெஷின் நிற்கும்போது 44 என்பது 45 ஆகி இறங்கியது. எட்டு இதழும் முடிந்தன. 35 ஆம்பியர் பிரிட்ஜை அலுமினியப் பட்டையில் திருகி இறுக்கியிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கை வைக்க முடிகிறது. பெட்டிக்குள் தேக்குத் தூள் போகாமல் காற்று மட்டும் போக ஒரு வழி செய்ய வேண்டும். அடுத்த வாரம் அந்த வேலைதான்.