எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். எடைக்கு ஒரு வரிசை, பிரஷருக்கு ஒரு வரிசை, விரலில் குத்தி ரத்தம் பார்க்க ஒரு வரிசை, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்க இன்னொன்று, கடைசியில் டாக்டர். முதலில் மாதம் ஒருமுறை என்றிருந்தது, ஏழு மாதம் முடிந்ததும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆகும். 36 வாரத்துக்குப் பிறகு வாராவாரம். அதனால் எட்டாம் மாதம் வரும்போது பெஞ்சில் உட்காரும் முகங்களெல்லாம் பழகிவிடும். எங்கள் குழு அந்தப் பெஞ்சில் தொடங்கி வாட்ஸ்அப்புக்குப் போனது. பிரசவத் தேதி ஒன்றரை மாத இடைவெளிக்குள் இருந்தவர்களை மட்டும்தான் சேர்த்துக்கொண்டோம். ஐந்தாம் மாதக்காரிக்கு இருக்கும் பயம் வேறு, ஒன்பதாம் மாதக்காரியின் பயம் வேறு.

இப்படிப்பட்ட குழுவில் அதிகம் புழங்கும் வாக்கியம், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, பயப்படாதீங்க." நெஞ்செரிச்சல், கெண்டைக்கால் பிடிப்பு, இடுப்பு வலி, ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போவது என்று எதற்குச் சொன்னாலும் அது மருந்துதான். அதையே குழந்தை அசைவு குறைந்திருப்பவரிடம் சொன்னால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் படுத்துவிடுவார். ஆகவே நாங்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுதான்: ஆறுதலுக்கு முன்னால் நாலு கேள்வி. எத்தனை வாரம்? குழந்தை வழக்கம்போல அசைகிறதா? ரத்தமோ தண்ணீரோ பட்டதா? தலைவலி, கண் மங்கல் உண்டா? இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் யாரும் வைத்தியம் சொல்லக் கூடாது. "கிளம்புங்க, யார் கூட வர்றாங்க?" என்று மட்டும்தான் கேட்க வேண்டும்.

அசைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "மாசம் ஏற ஏற இடம் பத்தாது, அதான் ஆட்டம் குறையுது" என்று பெரியவர்கள் சொல்வார்கள், சில சமயம் படித்தவர்களும் சொல்வார்கள். அது தவறு. உதை மாறி உருளலும் நெளியலுமாக ஆகலாம், ஆனால் கடைசி நாள் வரை அசைவு குறையக் கூடாது. எண்ணும் முறை எளிது. சாப்பிட்ட பிறகு இடது பக்கம் சாய்ந்து படுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு அசைவாக எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். குழந்தை உள்ளே இருபது முதல் நாற்பது நிமிடம் வரை தூங்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்குவது அபூர்வம். பத்து வரவில்லை என்றால் சர்க்கரைத் தண்ணீர், ஐஸ் தண்ணீர், இனிப்பு என்று சோதனை செய்துகொண்டே விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பத்து வந்தும் வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றினால் அதுவும் போவதற்குப் போதுமான காரணம். போனால் வயிற்றில் பெல்ட் கட்டி இருபது நிமிடம் துடிப்பைப் பதிவு செய்வார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். எல்லாம் சரியாக இருந்து திருப்பி அனுப்பினால் அலைச்சல் என்று நினைக்க வேண்டாம். மறுநாளே மறுபடி குறைந்தால் மறுநாளே மறுபடி போகலாம். ஆன்லைனில் கிடைக்கும் கையடக்க டாப்ளரை வாங்காதீர்கள். துடிப்பு கேட்கிறது என்பதால் குழந்தை நலமாக இருக்கிறது என்று ஆகாது. பல நேரம் அதில் கேட்பது தாயின் ரத்த ஓட்டச் சத்தம்.

அடுத்தது வலி. சூட்டு வலிக்குச் சீரகத் தண்ணீர் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு டம்ளர் குடித்துவிட்டு, கொஞ்சம் நடந்து, பிறகு ஒருக்களித்துப் படுத்துப் பார்ப்பதில் கெடுதல் எதுவும் இல்லை. அடங்கினால் சூட்டு வலி. நிஜ வலி நடந்தாலும் படுத்தாலும் அடங்காது. இடுப்பிலிருந்து முன்பக்கம் சுற்றி வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை குறித்து வையுங்கள். தலைப் பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் முக்கால் முதல் ஒரு நிமிடம் வரை, ஒரு மணி நேரமாக விடாமல் வந்தால் போக வேண்டிய நேரம். இரண்டாவது பிரசவம், ஏற்கெனவே ஆபரேஷன் செய்தவர், ஆஸ்பத்திரி தூரமாக உள்ளவர் எல்லாம் இந்தக் கணக்கைப் பார்க்காமல் முன்னாலேயே கிளம்ப வேண்டும். 37 வாரத்துக்கு முன் வலி ஒழுங்காக வரத் தொடங்கினால் சீரகத் தண்ணீர்ச் சோதனையே வேண்டாம். விளக்கெண்ணெய் கொடுத்து வலியை வரவழைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வயிற்றுப்போக்கில் தாயின் உடம்பில் நீர் வற்றுவதுதான் அதில் நிச்சயமாக நடப்பது.

பனிக்குடம் உடைந்தால் வலி வரும்வரை வீட்டில் இருக்கலாம் என்பதும் பெஞ்சில் கேட்கும் பேச்சுதான். கூடாது. சுத்தமான நாப்கின் வைத்து, நேரத்தையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுநீரா பனிக்குட நீரா என்று தெரியவில்லை என்றாலும் போய்ப் பார்த்துவிடுவதே சரி. வழவழப்பான வெள்ளையோடு ரத்தக் கீற்று கலந்து வருவது வேறு விஷயம். அதற்குப் பிறகு வலி வரச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். ஆனால் மாதவிலக்குபோல ரத்தம் பட்டால், வலியே இல்லாவிட்டாலும், 108.

குழுவில் அதிகம் பகிரப்படுவது ஸ்கேன் ரிப்போர்ட். அதில் ஒரு வரியைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க அழுகிறவர்கள் உண்டு. "கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது" என்பது அந்த வரிகளில் முதலிடம். ஏறக்குறைய நாலு குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது. உள்ளே இருக்கும் குழந்தை தொண்டை வழியாக மூச்சு விடுவதில்லை. ஆக்ஸிஜன் கொடி வழியாகத்தான் போகிறது. எனவே கழுத்து இறுகுமோ என்பது கவலை இல்லை. கொடி அழுந்துகிறதா என்பதே கேள்வி, அதைப் பிரசவ நேரத்தில் துடிப்பைப் பார்த்துக் கண்டுகொள்வார்கள். கொடி சுற்றியிருக்கிறது என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

"தண்ணி கம்மி" என்று எழுதியிருந்தால் பனிக்குட நீரின் அளவு எத்தனை என்று கேளுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால்தான் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள்; எட்டு, ஒன்பது என்பதற்குப் பயப்பட வேண்டாம். குழந்தையின் எடை அளவீடு 10 முதல் 15 சதவீதம் வரை ஏறவோ இறங்கவோ செய்யும். 2.6 கிலோ என்று அச்சாகியிருப்பது நிஜத்தில் 2.3 ஆகவும் இருக்கலாம், 2.9 ஆகவும் இருக்கலாம். தலை மேலே இருக்கிறது என்று 30 வாரத்தில் எழுதியிருந்தால் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். 36 வாரத்தில்தான் அதைப் பற்றி முடிவெடுப்பார்கள். இன்னொரு பெரிய குழப்பம் தேதி. ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒரு பிரசவத் தேதி அச்சாகும். கடைசி ஸ்கேனில் இரண்டு வாரம் தள்ளி வந்தால் பிரசவம் தள்ளிப்போகிறது என்று அர்த்தமில்லை. குழந்தையின் அளவு இரண்டு வாரம் சிறியதாகத் தெரிகிறது என்பதே அதன் பொருள், வளர்ச்சி சரியா என்று டாக்டரிடம் கேளுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனைக் கொண்டு குறித்த தேதியைக் கடைசி வரை மாற்றக் கூடாது. வயிறு இறங்கியிருக்கிறதா, கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்து ஆணா பெண்ணா சொல்கிறவர்களுக்கு நாங்கள் பதில் சொல்வதையே விட்டுவிட்டோம்.

கால் வீக்கம் பாதிப் பேருக்கு மேல் இருக்கும். சாயங்காலம் ஏறி, காலையில் வற்றும். முகமும் கையும் வீங்கினால், மோதிரம் கழற்ற முடியாமல் போனால், பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 என்பது கோடு. அதோடு விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஏதாவது இருந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த வலியை வாயு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பது வழக்கமாக நடக்கும் தவறு. அரிப்பிலும் இப்படி ஒன்று உண்டு. வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்பு எல்லோருக்கும் பொது. தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும், முக்கியமாக ராத்திரியில் அரித்தால், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். எண்ணெய் தேய்த்தால் போகிற அரிப்பு இல்லை அது.

இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றின் பலனை இன்னொன்று கெடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீயோடும் கூடாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். மலம் கறுத்துப் போவது இயல்பு, அதற்காக மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருப்பவர்கள் அதைப் பிரசவத்துக்கு முன்பே ஏற்றிக்கொள்வது நல்லது. தேவைப்பட்டால் ஊசி வழியாகவும் இரும்பு ஏற்றுவார்கள்.

தலைப் பிரசவம் அம்மா வீட்டில் என்பதால் எங்கள் குழுவில் பாதிப் பேர் வளைகாப்பு முடிந்து வெளியூர் போனார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்: புது ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. 36 வாரத்துக்கு முன்னால் போய்ச் சேருங்கள். சேர்ந்த வாரமே அங்குள்ள ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். தாய் சேய் நல அட்டை, முதல் ஸ்கேன் முதல் கடைசி ஸ்கேன் வரை எல்லாம், ரத்த வகை, எச்ஐவி, மஞ்சள் காமாலைப் பரிசோதனை முடிவுகள், சர்க்கரைப் பரிசோதனை முடிவு, தடுப்பூசி போட்ட தேதி ஆகியவை ஒரே ஃபைலில் இருக்க வேண்டும். நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஏழாம் மாதம் போட்ட ஊசியின் சீட்டும் அதில் வேண்டும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அம்மாவுக்கும் கணவருக்கும் அனுப்பி வையுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் 12 இலக்க ஆர்சிஹெச் எண் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். ஊர் மாறினால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஊர் செவிலியர்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் இழுத்தடிக்கும். காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். பெரும்பாலான விமானங்களில் 32 வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கேட்பார்கள், 36-ஐத் தாண்டினால் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். இன்னொன்று: மகப்பேறு நிதி வந்திருக்கிறது என்று போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்பவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். ரிப்போர்ட்டைக் குழுவில் போடும்போது பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

உடம்புக் கவலைகளை எழுதிவிடுகிறார்கள், மற்றதை எழுதுவதில்லை. லேபர் வார்டில் திட்டுவார்களோ, தனியாகக் கிடப்பேனோ என்ற பயம் பிரசவ வலியைவிடப் பெரிதாக இருக்கும். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ நேரத்தில் கூட ஒரு பெண் துணை இருக்கும் ஏற்பாடு 2004-லேயே வந்துவிட்டது. பலருக்கு இது தெரியாது, கேட்பதும் இல்லை. ஏற்கெனவே பிரசவம் கண்ட, காய்ச்சல் சளி இல்லாத, கடைசி வரை கூடவே நிற்கக்கூடிய ஒருவர் வேண்டும். அம்மாதான் என்று கட்டாயமில்லை. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் அம்மாவைவிடத் தைரியமான சித்தியோ நாத்தனாரோ மேல். இடுப்பை அழுத்திவிடுவது, தண்ணீர் கொடுப்பது, நடக்க வைப்பது, நடப்பதை நர்ஸிடம் கேட்டுச் சொல்வது ஆகியவைதான் அவர் வேலை. யார் வருகிறார் என்பதை ஒன்பதாம் மாதத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, ஆஸ்பத்திரியிலும் சொல்லி வைக்க வேண்டும்.

அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைக் குழுவின் ஆறுதலால் சரிசெய்ய முடியாது. உதவி எண்களான 104-லும் 14416-லும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. செக்கப்பில் டாக்டரிடமும் சொல்லலாம். எங்களில் ஒருவர் பதில் போடாமல் இரண்டு நாள் இருந்தால் குழுவில் கேட்காமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவோம்.

குழந்தைகள் பிறக்க ஆரம்பித்ததும் குழுவின் போக்கே மாறும். யாருக்காவது குழந்தை தங்காமல் போகலாம். அப்படி நடந்தால் படங்களுக்கு வேறு குழு தொடங்கிவிட வேண்டும், அவரை நீக்கக் கூடாது. "அடுத்தது நல்லபடியா ஆகும்" என்று எழுதக் கூடாது. குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லலாம். சோறு கொண்டுபோய்க் கொடுக்கலாம். பால் கட்டிக்கொள்ளும், அதற்கு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதை யாராவது அவர் வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் அது தோன்றாது.

கடைசியில் தேதி தாண்டிய ஒருவர் மட்டும் மிஞ்சுவார். குறித்த தேதியன்றே பிரசவிப்பவர்கள் நூறில் நாலைந்து பேர்தான், ஆனாலும் சொந்தக்காரர்கள் தினமும் போன் செய்து "இன்னும் ஆகலையா?" என்பார்கள். அந்தப் போன்களைக் கணவரிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடச் சொல்வோம். அவர் கேட்க வேண்டியது டாக்டரிடம்: துடிப்புப் பதிவு வாரத்துக்கு எத்தனை முறை, தண்ணீர் அளவு எப்போது பார்ப்பீர்கள், 41 வாரம் ஆனால் வலி வரவைக்க மருந்து வைப்பீர்களா, எந்தத் தேதியில் வந்து அட்மிட் ஆக வேண்டும்? பதிலை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தேதி வரை அசைவை எண்ணுவதை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.