இறகு உதிரும்போது புரதம், குளிர் வந்தபின் தானியம்: ஐந்து கோழிகளோடு ஒரு பருவம்

போன ஆண்டு ஒரு தவறு செய்தேன். ஆண்டுதோறும் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் பருவத்தில், கோழிகள் இறகு கொட்டி அரைகுறையாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், தினமும் ஆளுக்கொரு பிடி மக்காச்சோளம் அள்ளி வைத்தேன். ஆவலாகத் தின்றன, கொழுப்பும் போட்டது. இறகு மட்டும் நான்கு மாதமாகியும் முழுதாக மூடவில்லை. குளிர் வந்தபோது இரண்டு கோழிகளுக்கு முதுகு வெறுமையாகவே இருந்தது.

பிறகு கணக்குப் போட்டேன். ஒரு கோழி நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் தின்னும். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 சதவீதம். அதில் 30 கிராமை எடுத்துவிட்டு, எட்டொன்பது சதவீதமே புரதமுள்ள மக்காச்சோளத்தை வைத்தால், மொத்தம் 14 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இறகோ பெரும்பாலும் புரதத்தாலேயே ஆனது. உடம்பு அதைக் கேட்டுத் தவித்த நேரத்தில் நான் மாவுச்சத்தைக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆண்டு இரண்டையும் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம்

பகல் குறையத் தொடங்கியதும் கருப்பிதான் முதலில் உதிர்த்தாள். தலை, கழுத்து, மார்பு என்ற வரிசையில் போனது. இறக்கையும் வாலும் கடைசியில். முட்டையும் நின்றது.

எல்லாருக்குமே 20 சதவீதப் புரதமுள்ள வளர்கோழித் தீவனத்துக்கு மாற்றினேன். முட்டைக்கோழித் தீவனத்தில் நான்கு சதவீதம் வரை சுண்ணாம்புச் சத்து இருக்கும். முட்டையிடாத கோழிக்கு அவ்வளவு தேவையில்லை, மாதக்கணக்கில் போனால் சிறுநீரகத்துக்குச் சுமை. உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். இன்னும் முட்டையிடுகிற செவலை மட்டும் அதைக் கொத்தினாள், மற்றவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம்

தீவனத்தோடு மீன்தூள் சேர்த்தேன். அதிகம் கொடுத்தால் முட்டையில் மீன்வாடை அடிக்கும் என்பார்கள். பெரும்பாலும் முட்டையே இல்லாத காலத்தில் அந்தக் கவலை இல்லை என்று தாராளமாகப் போட்டேன். நான்கே நாளில் எச்சம் இளகியது. காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிற நெடி. மிஞ்சிய புரதம் அப்படித்தான் வெளியேறும். அளவைப் பாதியாக்கி, தரையில் புதிதாக மரத்தூள் விரித்தேன். மூன்றாம் நாள் சரியாயிற்று.

வாரம் இருமுறை அவித்த முட்டையை மசித்துக் கொடுத்தேன். உலர்ந்த புழுவும் ஒரு சிட்டிகை. இதை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஐந்தில் மற்ற எல்லாருக்கும் அடங்கிப்போகும் கோழியான சாம்பலுக்கு ஒன்றும் கிடைக்காது. அவளுக்குத்தான் மிகவும் வேண்டும். இரண்டு தட்டைத் தள்ளித் தள்ளி வைத்த பிறகே அவள் வாய்க்கு எட்டியது.

ஐந்தாம் வாரம்

கருப்பியின் கழுத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். முள்முள்ளாகக் குருத்திறகுகள், அடித்தண்டு கருநீலம். உள்ளே இரத்தம் ஓடுகிறது. நுனியில் மட்டும் வெள்ளை உறை பொரிந்து, அதற்குள்ளிருந்து மயிர்போல மென்மையாக இறகு விரிகிறது. விரல் நுனி பட்டதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். அத்தனை வலி. அன்றிலிருந்து எவளையும் தூக்குவதில்லை. எடை பார்ப்பதென்றால், இரவில் கம்பில் அடைந்த பிறகு மார்பெலும்பை லேசாகத் தடவிப் பார்ப்பதோடு சரி.

ஒன்பதாம் வாரம்

நான்கு கோழிகளுக்கு உடம்பு மூடிவிட்டது. போன ஆண்டில் பாதிக் காலம்தான். கோழிகளுக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, மற்ற காரணங்களும் இருக்கலாம். இருந்தாலும் தீனிக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

முட்டைக்காகக் கூண்டில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டவில்லை. இது அவற்றின் ஓய்வுக்காலம், அதில் கை வைக்க மனம் வரவில்லை.

குளிர் தொடங்கிய பிறகு

இப்போதுதான் மக்காச்சோளத்தை எடுத்தேன். கோழிக்கு 12 கிராம்தான், அதுவும் அடைவதற்கு அரைமணி நேரம் முன்பு. காலையில் கொடுத்தால் அதிலேயே வயிறு நிரம்பித் தீவனத்தை ஒதுக்கிவிடும். மாலையில் கொடுத்தால் நீண்ட இரவு முழுக்க மெல்லச் செரித்து உடம்பில் சூடு தங்கும். இருட்டிய பின் தீனிப்பையை, அதாவது கழுத்தடியில் தின்றது சேரும் பையைத் தொட்டால் உருண்டு நிறைந்திருக்க வேண்டும். முழுத் தானியத்தை வயிற்றுக்குள் அரைத்துக்கொள்ள, விழுங்குவதற்குப் பொடிக்கல்லும் ஒரு கிண்ணம்.

குளிரில் தீனியைவிட நான் அதிகம் கவனித்தது தண்ணீரைத்தான். சில்லென்று இருந்தால் குடிப்பதில்லை, குடிக்காவிட்டால் தின்பதும் குறைகிறது. காலையும் மதியமும் வெதுவெதுப்பான நீர் மாற்றினேன். மிகக் குளிர்ந்த காலைகளில் தீவனத்தையே வெந்நீரில் பிசைந்து வைத்தேன். இருபது நிமிடத்தில் தின்றது போக மிச்சத்தை எடுத்துவிடுவேன், ஈரத் தீவனம் பூஞ்சை பிடித்தால் ஆபத்து.

சாம்பலுக்கு வாலில் இன்னும் மூன்று குருத்துகள் உறை பிரியாமல் நிற்கின்றன. மற்றவற்றுக்கு மீன்தூளை நிறுத்திவிட்டேன். அவளுக்கு மட்டும், செவலை பார்க்காத பக்கமாக, காலையில் ஒரு கரண்டி போகிறது.